நாய் காட்டிய தங்குமிடங்கள்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுநாள் காலை, எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே அவள் படுத்திருந்தாள். செம்மண் நிறம், மடிந்த ஒரு காது, கழுத்தில் அழுக்கேறிய மஞ்சள் துணி. காவடியோடு நடந்து வருகிறவர்கள் வழியில் தங்களுடன் சேர்ந்துகொள்ளும் நாய்க்கும் மஞ்சள் துணி கட்டிவிடுவதுண்டு. யாராவது தேடி வருவார்கள் என்று சோறு வைத்தோம். யாரும் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள், என் கணவரின் நாற்காலிக்கு அடியில் தனக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்றபின் பேச்சுக் குறைந்துபோன மனிதர் அவர். காலையில் நாயோடு நடந்துவிட்டு வந்து, யாரைப் பார்த்தோம், எந்தக் கடையில் நின்றோம் என்று எனக்குச் சொல்லத் தொடங்கினார்.

என்னைக் குடைந்ததோ வேறு கேள்வி. அவள் எங்கிருந்து நடந்து வந்தாள்? தமிழில் கூப்பிட்டால் வாலை மட்டும் அசைப்பாள். தெலுங்கில் கூப்பிட்டால் எழுந்து வருவாள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டும் வரும் என்பதால் அது பெரிய தடயமில்லை. ஆனால் சாயங்காலங்களில் அவள் எப்போதும் ஆந்திர எல்லைக்குப் போகும் வழியிலுள்ள கே.ஜி.கண்டிகைப் பக்கமே முகம் வைத்து உட்கார்ந்தாள். வந்த வழியை அவளிடமே கேட்டால் என்ன என்று பொங்கல் கழிந்து ஒருநாள் சொன்னேன்.

"இன்னாத்துக்குத் தேடணும்? இங்க நல்லாத்தான இருந்துகினு இருக்குது" என்றார் அவர். பிறகு, அவளுடைய வீடு கிடைத்துவிட்டால் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும், அது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கோ ஒருவர் இவளுக்காகக் காத்திருக்கலாம் என்பதை அவரால் தள்ளிவிட முடியவில்லை போலும். மூன்றாம் நாள், மகன் வாங்கிப் பிரிக்காமலே விட்டுப்போன கூடாரத்தைப் பரணிலிருந்து இறக்கி வண்டியில் வைத்தார்.

அவள் மோப்பம் பிடிக்கட்டும் என்று காரின் பின் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு மெதுவாகப் போனோம். ஆந்திர எல்லையைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் அவள் முனகிக் கதவைப் பிறாண்டினாள். திறந்ததும் நேராக ஒரு புளியமரத்தடிக்குப் போய், சுற்றிச் சுற்றி வந்து படுத்தாள். அவள் தலைமாட்டில் கரி படிந்த மூன்று கற்கள் கிடந்தன. நடந்து வந்தவர்கள் சமைத்த அடுப்பு. அன்று எங்கள் கூடாரமும் அங்கேதான்.

அதன்பின் வழியை அவளிடமே விட்டுவிட்டோம். மூடிக்கிடந்த அரிசி மில்லின் சிமெண்ட் களம், சித்தூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஓரம், மலைப்பாதை ஏறி முடிந்ததும் பலமனேரில் ஒரு தக்காளி மண்டியின் பின்புறம். ஒரே பகலில் கடந்துவிடக்கூடிய தூரத்தை அவளுடைய நடைக்கணக்கில் கடந்தோம். எல்லா இடத்திலும் நிழலும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. மலையடிவாரத்தில் பிறந்து, காவடிகள் வந்துசேர்வதை ஆண்டுதோறும் சர்ச் வாசலிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அவர்கள் முந்தைய இரவு எங்கே படுத்திருப்பார்கள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

சாலையோரம் படுப்பவர்களைக் கண்டால், எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்பது அந்த வழியின் வழக்கம். எங்களையும் கேட்டார்கள். என் கணவர் முகம் மாறாமல் தெலுங்கில் பதில் சொல்வார்: வேண்டுதல் நாய்க்கு, நாங்கள் துணைக்கு வந்தோம். மண்டிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. முதலில் நாய்க்குப் பால் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் எங்களுக்கு டீ சொன்னார்.

இன்னொன்றையும் கவனித்தோம். விடியற்காலையில் கூடாரத்தின் முதல் கம்பியை உருவியதும் அவள் துள்ளி எழுந்து சாலைக்குப் போய் நிற்பாள். பாயைச் சுருட்டினால் கிளம்ப வேண்டும் என்பது நடைக்காரர்களிடம் கற்ற பாடமாக இருக்கவேண்டும். இரண்டு நாளில், சாலைக்குப் பதில் வண்டிக்குள் ஏறி உட்காரவும் பழகிவிட்டாள்.

முல்பாகலுக்கு அப்பால், கர்நாடகத்தில், மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை பிரிந்தது. அங்கே கதவைத் திறந்தபோது அவள் படுக்கவில்லை, ஓடினாள். எதிரே இலைக்கட்டைத் தலையில் சுமந்து வந்த ஒரு பெண் கட்டைக் கீழே போட்டுவிட்டு, நாங்கள் அறியாத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாய் அவள் காலடியில் புரண்டு எழுந்து மறுபடி புரண்டது. என் கணவர் வண்டியருகிலேயே நின்றுவிட்டார்.

அந்தப் பெண் பட்டுப்புழு வளர்ப்பவள். நடந்து வந்தது அவளுடைய தம்பியின் கூட்டம். திரும்பும்போது திருத்தணியில் பஸ் ஏறப் போனார்களாம். நாயை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். தம்பி அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் கூட்டத்தில் நாய் காணாமல் போயிற்று. தொலைத்துவிட்டு வந்தவனிடம் தான் அதற்குப்பின் சரியாகப் பேசவில்லை என்றாள். அதற்குள் தோட்டத்திலிருந்து வந்துவிட்டிருந்த அவன் தலைகுனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு அவர்கள் களத்தில் கூடாரம் அடித்தோம். காலையில் நான் கம்பியில் கை வைத்தபோது அவர் தடுத்தார்.

"இத்த மடிச்சா அது வண்டில ஏறிடும்."

ஏறட்டுமே என்று சொல்ல நினைத்தேன்.

"ஏறுனா பழக்கத்துல ஏறுது. அதுவா வந்ததா ஆவாது" என்றார்.

கூடாரம் அங்கேயே இருக்கட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் அவரையும் நாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் அண்ணா என்றாள். நாங்கள் வண்டியில் ஏறினோம். கூடார வாயிலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. அவர் அன்றே நிற்காமல் ஊர்வரை ஓட்டினார். பின் கண்ணாடி பாதி இறங்கியே இருந்தது. நானும் ஏற்றச் சொல்லவில்லை.

நாற்காலிக்கு அடியில் பெருக்கும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். காலை நடை நின்றுபோயிற்று.

ஆடி வந்தது. கிருத்திகைக்கு முந்தைய நாள் தெருவில் பம்பைச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். கூட்டத்துக்கு வெகு முன்னால், புது மஞ்சள் துணியோடு அவள் வந்துகொண்டிருந்தாள். நேராக உள்ளே போய் நாற்காலிக்கு அடியில் படுத்தாள். பின்னாலேயே அந்தத் தம்பி வந்து, தலையில் சுருட்டி வைத்திருந்த கூடாரத்தை இறக்கினான். வழியில் மழை வந்தபோது காவடிகளை மூட உதவியது என்றான். எங்கள் வீட்டு முற்றத்தில் அவர்கள் சமைத்தார்கள். மூன்று கற்களை நானே தேடிக் கொடுத்தேன்.

மலையேறி இறங்கியதும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். பாய்கள் சுருட்டப்பட்டபோது அவள் எழுந்து தெருமுனைவரை அவர்களோடு போனாள். தம்பி குனிந்து அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் கணவரைப் பார்த்துத் திக்கித் திக்கித் தமிழில் சொன்னான்:

"பஸ்ல இதை ஏத்தமாட்டாங்க. தையில கொண்டாந்து விடுங்க அண்ணா. டென்ட் உங்க வீட்டுல இருக்குது."

"ஆங்" என்றார் அவர்.

அவள் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, அவருக்கு முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே அவர் கூடாரத்தை விரித்து, கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். அவள் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டதால் பாதிதான் பார்க்க முடிந்தது.