இரண்டாவது எண்

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, மருந்துக் கடையை ஒட்டினாற்போல் அவள் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், முக்கி முனகி ஓடும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் டைப்பிங் பழகியவள், விசைகளைப் பார்க்காமலே அடிப்பாள். நாற்பத்தாறு வயதிலும் அந்தக் கர்வம் குறையவில்லை. "தப்பு வந்தா அது நான் அடிச்சதா இருக்காது" என்பாள்.

பரிசோதனை முடிவுகளைக் கையில் தருவதை ஆஸ்பத்திரி நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது. போனுக்கு ஒரு லிங்க் வரும், அதோடு சரி. பட்டன் போன் வைத்திருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதை யோசிக்க அங்கே ஆளில்லை. அவர்களெல்லாம் எதிர்க்கடைக்குத்தான் வருவார்கள். அவள் அந்த நீளமான லிங்கை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள்.

அன்று ஒரு பெரியவர் நீட்டிய போனில் திரை விரிசல் விட்டிருந்தது. கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று என்று அடித்தாள். காகிதம் வந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஏம்மா, நான் எப்பம்மா கர்ப்பமானேன்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தைப் பார்த்ததும் நின்றுபோனது. யாரோ ஒரு பெண்ணின் பெயர், வயது, வீட்டு முகவரி, போன் நம்பர், எல்லாமே இருந்தது. சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். எட்டு என்று அடித்துப் பெரியவருடையதை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். தெரிந்துகொள்ளாமல் புகார் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வேறொரு எண்ணை, இந்த முறை வேண்டுமென்றே, அடித்தாள். யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு வந்து நின்றது. சட்டென்று மூடிவிட்டாள். மூன்றாவது எண் அவள் அடிக்கவில்லை. அந்த லிங்க் ஒரு தெரு என்றால், அதில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் கதவு எண் இருக்கிறது, ஒன்றுக்கும் பூட்டு இல்லை என்பது தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது. ஐந்து நாள் முன்னால் இதே கம்ப்யூட்டரில்தான் அவளுடைய ரிப்போர்ட்டையும் எடுத்தாள். கல்லீரலில் கிருமி. மாத்திரை சாப்பிட்டால் போதும், குழந்தைகளைத் தூக்கினாலோ சோறு ஊட்டினாலோ ஒட்டாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தங்கச்சி ஏழு வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். டாக்டர் சொன்னதை அங்கே யார் கேட்பார்கள்? அக்காவைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பெட்டியில் துணிக்கடியில் வைத்திருந்தாள். துணிக்கடியில்!

கடையைச் சாத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

அதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. வெளியே சொன்னால் வேலையற்றவனெல்லாம் எண்ணைத் தட்டிப் பார்ப்பான். வாயைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துத் தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டு அவள் எண்ணை மட்டும் அடித்துப் பார்த்தாள். அப்படியே திறந்துகொண்டது. மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகிக்குக் கடிதம் எழுதினாள். முதல் எண் தவறுதலாக அடித்தது, இரண்டாவது தெரிந்தே அடித்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி, நகலில் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டாள். கிணற்றில் போட்ட கல்தான். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டாள். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

அதிகாரியிடம் சொன்ன நாற்பத்தோராவது நாள் காலை பதினொரு மணிக்குத் தங்கச்சி கடைக்கு வந்தாள். அந்த நேரத்தில் அவள் வந்ததே இல்லை.

"காப்பக மேடம் போன்ல என் ரிப்போர்ட் இருக்குக்கா. யாரோ அனுப்பியிருக்காங்க. குழந்தைங்க இருக்கற இடம், நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்க. ஒரு குழந்தை என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. இழுத்துக்கிட்டுப் போனாங்க."

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதிகாரி மேல் பாதி, தன் மேல் பாதி. அவர்கள் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அந்தக் கோபம். சொன்னால் எட்டிப் பார்ப்பார்கள் என்று பயந்தாள். சொல்லாமல் இருந்ததில் இவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நேராக ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் அதிகாரியும் அங்கே இருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் நிர்வாகி ஒரு காகிதத்தை முன்னால் தள்ளினார்.

"நோயாளிங்க ரிப்போர்ட்டைத் திருட்டுத்தனமா பாத்திருக்கீங்க. இதுக்குப் பேரு ஹேக்கிங். இனிமே இதைப் பத்தி எங்கயும் பேச மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா போலீசுக்குப் போவோம்."

"கதவைத் தொறந்து போட்டது நீங்க. தொறந்து கிடக்குன்னு வந்து சொன்ன நான் திருடியா? என் தங்கச்சி ரிப்போர்ட்டை எடுத்தது யாருன்னு முதல்ல சொல்லுங்க."

அதிகாரி பேனாவை உருட்டினார். "யார் தொறந்தாங்கன்னு பதிவாகற மாதிரி நாங்க வைக்கல."

"அப்ப நான் பாத்தேன்னு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. நாற்காலி மேல் ஏறாத குறையாகக் கத்தினாள்.

"லிங்க் வாங்காதீங்க! உங்க ரிப்போர்ட்டை யார் வேணா பாக்கலாம், இவங்களுக்கு நாப்பது நாளாத் தெரியும். கையில காகிதமாக் கேளுங்க!"

எப்படிப் பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒருவர் கேட்டார். "அது உங்களுக்கு வேண்டாம்" என்று வெட்டிவிட்டாள்.

கூடம் மொத்தமும் கவுண்டரை மொய்த்துக்கொண்டது. ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டித் தட்டியே விரல் சிவந்துபோனாள். காவலாளி வந்து, கூட்டத்தைப் பார்த்து, தன் மனைவியின் ரிப்போர்ட்டையும் கேட்க வரிசையில் நின்றுகொண்டார். மதியம் இரண்டு மணிக்கு லிங்கைத் திறந்தால் போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டது. நாற்பது நாளாக ஆகாத வேலை மூன்று மணி நேரத்துக்குள் ஆகிவிட்டது. அதை நினைக்க நினைக்கத்தான் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் ரிப்போர்ட்டுகளைத் திறந்ததாகக் குற்றச்சாட்டு. ஆதாரமாக அவள் கடிதமே இணைக்கப்பட்டிருந்தது. 'இரண்டாவது எண் தெரிந்தே அடித்தது' என்ற வரிக்கு யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். மங்கலான நகல். தன் மெஷினில் எடுத்திருந்தால் இப்படி வராது என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

தங்கச்சி கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேலை போன நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள்.

"என்னக்கா லெட்டர்? என் ரிப்போர்ட்டைப் பாத்த ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள் அக்கா. "நான்தானாம்."