விரல் அசையாத வேளை

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, உயிரோடிருந்தும் பிணம் போலக் கிடந்த ஒரு பகலைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்கு எழுந்து நிற்கிறேன்.

போன வருஷம், கொட்டாஞ்சேனையில் வெசாக் பண்டிகைக்குக் காகித விளக்குக் கூடு கட்டத் தொடங்கின கிழமை, எனக்கு வயிற்றுவலி வந்தது. வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்துவிட்டுப் படுத்தேன். விடிய நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அப்பெண்டிக்ஸ், வெடிக்கிற நிலைமை, உடனே ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அம்மா கூட வந்திருந்தா. மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர், ஒரு முஸ்லிம் பெண், என் கட்டிலடிக்கு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டா. கடைசியாக, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருக்கிறதா என்று கேட்டா. கேள்வி முடியுமுன்னே அம்மா “இல்லை” என்றா.

இருந்தது. அம்மாவின் தம்பி, நான் பிறக்குமுன்னே, ஹேர்னியா ஒப்பரேஷனுக்கென்று போனவர், மேசையிலேயே போய்விட்டார். மூச்சு திரும்பவில்லை என்பதுக்கு மேலே எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செத்தவர் பேச்சை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இரட்சிக்கப்பட்ட பிறகும் நாங்கள் அந்த வழக்கத்தை விடவில்லை. அவிசுவாச வார்த்தை பேசக் கூடாது என்று அதுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அம்மாவுக்குப் பொய் சொல்லுகிற எண்ணமே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னா.

தொண்டைக்குள் குழாய் விடுவதற்காக, உடம்பைத் தளர்த்துகிற ஊசி ஒன்று போடுவார்களாம். மற்றவர்களுக்கு அது சில நிமிஷத்தில் கழிந்துவிடும். எனக்குக் கழியவில்லை. ஒப்பரேஷன் முடிந்து மயக்கத்தை நிறுத்தினார்கள். அறிவு வந்தது. உடம்பு வரவில்லை.

முதலில் தட்டில் கத்தரிக்கோல் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிங்களத்தில், இன்னும் எழும்பவில்லையே என்றார்கள். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை அசையவில்லை. நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அந்த மூச்சை நான் எடுக்கவில்லை, மெஷின் எடுத்தது. குழாயைக் கழற்றுவோமா என்று அதே குரல் கேட்டது. கழற்றினால் நான் முடிந்தேன் என்று எனக்கு விளங்கிவிட்டது. மாமாவும் இப்படித்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாரா?

நான் எப்படி ஜெபிக்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். நான் தொடங்கினால் பக்கத்து வீட்டு அன்ரி டீவிச் சத்தத்தைக் கூட்டி வைப்பா. அன்றைக்கு எனக்கு நாக்கு இல்லை. ஒரு முனகல்கூட வரவில்லை. பயத்தில் மனப்பாடமான வசனமெல்லாம் பறந்துவிட்டது. ஒன்றே ஒன்றைத்தான் உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொன்னேன்: ஆண்டவரே, நான் உள்ளே முழித்திருக்கிறேன் என்று யாருக்காவது காட்டும்.

அப்போது மணிக்கட்டில் சுள்ளென்று கரண்ட் அடித்தது. திரும்பவும் அடித்தது. மருந்து கழிந்ததா என்று பார்க்கிற சின்னக் கருவியாம் அது. கழிந்திருந்தால் விரல் துடிக்கும். என் விரல் துடிக்கவில்லை. குழாயைத் தொடவேண்டாம் என்று, கேள்வி கேட்ட அந்த டொக்டர் அதட்டுகிறது கேட்டது. பிறகு என் நெற்றியில் ஒரு கை வந்து இருந்தது.

“தங்கச்சி, ஒங்களுக்கு கேக்குதுண்டு எனக்கு தெரியும். மருந்து இன்னம் எறங்கல்ல. மூச்ச நாங்க எடுத்துத் தாறோம். இப்ப தூங்க வைக்கிறேன், பயப்படாதீங்க.”

என் ஜெபத்துக்குப் பதில் அந்தக் குரலில்தான் வந்தது. நாடி ஓடின வேகத்தையும், பிளாஸ்டர் ஒட்டியிருந்த கண்ணோரத்தில் வழிந்த தண்ணியையும் கண்டுதான், நான் முழித்திருக்கிறதை டொக்டர் பிடித்தாவாம். அதைக் காண அவவுக்குக் கண்ணைக் கொடுத்தவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் ஐசியூவில் சொந்த மூச்சோடு முழித்தேன். டொக்டர் அம்மாவை ஏசவில்லை. அந்த மருந்தைக் கரைக்கிற சத்து சில குடும்பங்களின் இரத்தத்தில் குறைவு, தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருக்கலாம் என்று விளங்கப்படுத்திவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டா. அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதா.

போன மாதம் என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. வேறு ஆஸ்பத்திரி, வேறு டொக்டர், அதே கேள்வி. நான் சொல்லுமுன்னே அம்மா கதிரையை விட்டு எழும்பினா.

“ஓம் டொக்டர், இருக்கு. என்ட தம்பி யோகன் அதிலதான் செத்தவன். என்ட மகளும் சாகப் பார்த்தவள். எழுதுங்கோ.”

மாமாவின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாய் அம்மாவின் வாயால் கேட்டேன். தம்பிக்கு வேறு மருந்து போட்டார்கள். அதோ, ஊன்றுகோலோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கிறான்.

பிரியமானவர்களே, ஆண்டவரை முழுசாய் நம்புங்கள். நாக்கு அசையாத ஜெபத்தையும் அவர் கேட்கிறார். டொக்டர் கேட்டால் உண்மையையும் சொல்லுங்கள், அது அவிசுவாசம் இல்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லாததால் யோகன் மாமாவின் சாவு இத்தனை வருஷம் ஒருவருக்கும் உதவாமல் கிடந்தது. இப்போது அது என் தம்பியைக் காப்பாற்றியிருக்கிறது.