பாவுக்கு நடுவே ஒரு தூண்

பிள்ளைகளே, பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் என்ன எழுத என்று நீங்கள் கேட்டீர்கள். கொத்தனார்கள் என்னை இன்ஜினியர் சார் என்கிறார்கள். பட்டம் படித்த இன்ஜினியர்கள் சூப்பர்வைசர் என்கிறார்கள். நான் படித்தது சிவில் டிப்ளமோ, அதுவும் இரண்டு பாடத்தில் தவறி மறுபடி எழுதித் தேறியது. அதற்கு முன் உங்கள் தாத்தாவோடு செங்கல் சுமந்தவன். நான் யாரென்று எனக்கே சில நாள் பிடிபடாது. அப்படி ஒரு நாளைச் சொல்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தன் ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட நினைத்தார். கீழே தறி, மேலே குடித்தனம். நான் அளவெடுக்கப் போனது அமாவாசையன்று. அன்று தறி ஓடாது, சாவகாசமாக அளக்கலாம் என்று நானேதான் அந்த நாளைக் கேட்டேன். முந்தின நாள்தான் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்திருந்தார்கள். தறியில் ஒரு நூல் இல்லை. நெய்பவர் கால் விட்டு உட்காரும் குழியையும் தறியின் மரச்சட்டத்தையும் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அளவை வைத்து வரைபடம் வந்தது. பழைய வீடு போயிற்று. தூணுக்குப் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டிவிட்டோம், மறுநாள் கான்கிரீட். அன்று மத்தியானம் நெசவாளர் வந்து, தறி வரப்போகும் இடத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இன்னாபா இது, என் மூஞ்சிக்கு நேரா?”

“தூணுங்க. தறியத் தாண்டித்தானே வருது?”

“தாண்டி வந்தா? என் பாவு எங்கபா போவும்? தூணைச் சுத்திக்கினு போவுமா?”

பாவு என்றால் சேலையின் நீளவாக்கு நூல். சட்டத்தைத் தாண்டி எதிர்ச்சுவர் வரை இழுத்துக் கட்டியிருக்கும். சின்ன வயதில் எத்தனையோ வீடுகளில் அதன் அடியில் குனிந்து போயிருக்கிறேன். நூல் இல்லாத நாளில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க.”

“நீ இந்த ஊரு ஆளுதானபா? ஜப்பான்லருந்தா வந்த?”

கொத்தனார் சிரித்துக்கொண்டே, “விடு சார், செவுத்தாண்ட தள்ளிடலாம். மண்ணு மூடிட்டா எவன் பாக்கப் போறான்?” என்றார்.

வரைபடம் போட்டுத் தந்த மேடத்துக்குப் போன் செய்தேன். “தூணைத் தள்ளினா மேல பீம் நீளமாயிடும். மறுபடி கணக்குப் போடணும். நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் தொடாதீங்க.”

கொத்தனார் சொல்வதில் எது தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்ட எனக்குத் தெரியாது. மேடம் சொல்வது சரி என்று நிரூபிக்கவும் தெரியாது. தூண் அங்கேயே நின்றால் வீடு நிற்கும், ஆனால் தறி ஓடாது. தறி ஓடாத வீடு அவருக்கு எதற்கு? டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றிருந்தேன்.

கடைசியில், “நாளைக்கு ஆளுங்க வேணாம்” என்றேன்.

“அப்போ நீ எதுக்கு சார் இன்ஜினியரு?” என்று கேட்டுவிட்டுக் கொத்தனார் போனார்.

நெசவாளரிடம், “நான்தாங்க தப்பா அளந்துட்டேன்” என்றேன். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “தறியப் பிரிச்சி வச்சிக்கினு ரெண்டு மாசமா குந்திக்கினு இருக்கேன். இன்னும் நாலு நாளு குந்தறேன், போ.”

புது வரைபடத்தில் தூண் சுவரோடு ஒதுங்கியது. பீம் தடித்தது. கட்டிய கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டினோம்.

வீடு முடிந்து தறியில் முதல் பாவு பூட்டிய அன்று நெசவாளர் என்னைக் கூப்பிட்டார். அரக்கு நிற நூல் எதிர்ச்சுவர் வரை தடையில்லாமல் போயிற்று. நானோ மேலே பீமையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தாங்குமென்று மேடத்துக்குத் தெரியும். எனக்கு?

“மேல இன்னாபா பாத்துக்கினு இருக்கற? கீழ பாரு” என்றார் அவர்.

படிவத்தில் இப்போதைக்கு ‘கட்டட வேலை’ என்று எழுதுங்கள்.