அலமேலுவுக்கு ஓர் இலை

என் கணவர் கருணாகரனைப் பற்றி நானே எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னால் பக்கத்து நாற்காலியிலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். புளுகு விஷயத்தில் அவர் கைதேர்ந்தவர். ஒன்பது மாதம் ஒரு வீட்டையே கதையால் ஏமாற்றியவர். அதை ஏன் செய்தார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதலாம் என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

மலாயாவில் ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவையும் அம்மாவையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, கூடப் பிறந்தவர் யாரும் இல்லாமல் நின்றவர். முட்டி மோதி இங்கிலீஷ் படித்து, மலாக்கா டவுனில் நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்துக்குப் போனால், "ஆபீஸ்காரரு வந்துட்டாரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு எல்லாரும் தள்ளி நிற்பார்கள். ஆபீசிலோ, தோட்டத்து ஆள் என்று தள்ளி வைத்தார்கள். மரியாதைக்கு எந்தப் பக்கமும் குறைவில்லை. பேசத்தான் ஆள் இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் காஜா பெராங்கில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் பகுதியில், ஒரு வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்தார். செட்டிகள் நம்மைப் போலத்தான் மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பிள்ளைகளுக்கு நம் பெயர்களையே வைப்பார்கள். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். அவர்கள் தாத்தா காலத்துக்கும் முன்னாலேயே தமிழ் அந்த வீடுகளை விட்டுப் போயிருந்தது. கருணாகரனுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஆபீசிலிருந்து வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை காதில் ஒரு தமிழ்ச் சொல் விழாது.

தனியாக இருப்பவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு அந்த நாளைய கருணாகரனைப் பார்த்தாலே போதும். மாதம் மூன்று முறை முடிவெட்டிக்கொள்வார். "இதுல வெட்ட என்ன சார் இருக்கு?" என்று கடைக்காரரே கேட்டிருக்கிறார். கண்டக்டர் பேச்சுக் கொடுத்துவிட்டால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு கிளேபாங் வரை போய், நடந்து திரும்புவார். யாராவது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், என்ன சாப்பிட்டார், எங்கே சாப்பிட்டார், குழம்பில் உப்பு எப்படி இருந்தது என்பது வரை பதில் சொல்வார். கேட்டவர் அடுத்த முறை கேட்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழைய தமிழ் நாவல் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் தேடிப் படித்துவிட்டு, இவர் சொன்னதெல்லாம் அதில் இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். ஒரு பெரிய வீட்டின் ஒரு பாதியில் அலமேலு என்ற பெண், மறுபாதியில் அவள் கொழுந்தன் சிங்காரம். இருவரும் பன்னிரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. கிணறு மட்டும் பொது. அலமேலு தினமும் இரண்டு பேருக்குச் சமைத்து ஒரு பங்கைக் காக்கைக்கு வைப்பாள். காக்கை நேரம் கழித்து வந்தால் அதனோடு கோபித்துக்கொள்வாள். சிங்காரம் பால்காரன், தபால்காரன் என்று ஒருவர் விடாமல் வம்புக்கு இழுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கருணாகரன் இதை அறைக்குள் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார். தன் குரலிலாவது தமிழைக் கேட்கலாமே என்றுதான். அலமேலுவுக்கு ஒரு குரல், சிங்காரத்துக்கு ஒரு குரல்.

வீட்டுச் சொந்தக்காரர் பொன்னம்மா, ஐம்பது வயதை எட்டிய விதவை, கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். உள்ளே இரண்டு குரல் கேட்கிறதே, கிராணிக்கு விருந்தாளி வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று இரண்டு கோப்பைக் காப்பியோடு கதவைத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே ஒரே ஆள்தான்.

"விருந்தாளி எங்க?" என்று கேட்டார். அங்கே பேசியதெல்லாம் மலாய்தான். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"யாரும் இல்ல, மாக். புத்தகம்தான்," என்றார் இவர். அம்மா வயதுப் பெண்களை அங்கே மாக் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"புத்தகத்துல யாரு அப்படிக் கத்துறது?"

"சிங்காரம்."

"அவனுக்கு என்ன கோபம்?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. இரண்டு காப்பியையும் இவரே குடித்துவிட்டு முதல் அத்தியாயம் முழுவதையும் மலாயில் சொல்லி முடித்தார். அடுத்த ஞாயிறு பொன்னம்மாவின் அடுப்படிக்கே கதை போய்விட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், சிங்காரத்தைத் திட்டுவார்கள். இவர் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் தட்டில் சோறு வந்துவிடும். முடிவெட்டும் கடைக்குப் போவது மாதம் ஒரு முறையாகக் குறைந்தது.

சுதந்திரத்துக்குத் தேதி வைத்துவிட்டார்கள் என்று ஊரே சந்தோஷமாக இருந்த ஐம்பத்தாறாம் வருஷம், நோன்புப் பெருநாளுக்குச் சில வாரம் முன்னால் புத்தகம் தீர்ந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தில் அலமேலு தன் பாதி வீட்டில் தனியாகக் கிடந்து செத்துப்போகிறாள். இரண்டு நாளாகக் கிணற்று ராட்டினம் சத்தம் கேட்கவில்லையே என்று மூன்றாம் நாள்தான் சிங்காரம் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. அதைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டால் தனக்கு அந்த அடுப்படியில் என்ன வேலை என்று இவருக்குப் பயம் வந்துவிட்டது. அந்த ஞாயிறு கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் அலமேலு வீட்டைப் பூட்டிட்டு ரயிலேறிட்டா," என்றார்.

அக்டோபரில் நான் அங்கே போனபோது அலமேலு கப்பலேறிப் பினாங்குக்கு வந்து சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள்.

நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் டீச்சர். பெயர் சந்திரமதி. ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்த என் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். பொன்னம்மா கேட்ட சாரோங் துணியைக் கொடுக்கப் போனவள், உட்காரச் சொன்னார்களே என்று உட்கார்ந்தேன். அலமேலு கத்தரிக்காய் போட்டுப் புளி மீன் குழம்பு வைத்ததையும், சுங்க அதிகாரி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதையும் ஒரு மனிதர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். அதே நாவல். நான் மூன்று தடவை படித்து மூன்று தடவையும் அழுதது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியை மாற்றிச் சொன்னாலே பிள்ளைகளை விட மாட்டேன்.

கிளம்பும்போது வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அந்தம்மாதான் செத்துப் போச்சே. பினாங்குக்கு யாரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தா?"

முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், கொஞ்சம் மெதுவா."

"அவங்களுக்குத்தான் தமிழ் வராதே, என்ன பயம்? படிச்ச மனுஷன் இப்படியா புளுகுறது? அவங்க நெசம்னு நம்பி வாயைப் பொளந்துகிட்டுக் கேக்கறாங்க."

"கதை முடிஞ்சா நான் ரூமுக்குப் போயிரணும், டீச்சர்," என்றார்.

பதில் தெரியாதபோது டீச்சர்கள் தவணை கொடுப்பார்கள். "போகிக்குள்ள நீங்களே உண்மையைச் சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிருவேன். எனக்கும் மலாய் வரும்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் போனேன். அவரைக் கண்காணிக்கத்தான் போகிறேன் என்று மனதார நம்பினேன். அண்ணிக்கு அப்போதே சந்தேகம். திரும்பும்போது பஸ் நிற்குமிடம் வரை இவர் கூட வருவார். நாங்கள் அலமேலுவைப் பற்றியே பேசுவோம். சிங்காரம் கெட்டவன் என்று நான் சொல்வேன். இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "அவன் கெட்டவன் இல்ல, டீச்சர். சண்டை போட்டாதான் பால்காரன் நின்னு பதில் சொல்வான். இல்லன்னா பாலை ஊத்திட்டுப் போயிருவான்," என்பார். நான் மூன்று தடவை படித்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

போகிக்கு முந்திய ஞாயிறு வந்தது. அன்று புத்தகம் இல்லாமல் வந்தார். உட்காரவும் இல்லை. அலமேலு செத்துப்போனதையும், மூன்றாம் நாள் சிங்காரம் எட்டிப் பார்த்ததையும் நேராகச் சொன்னார். "அதுக்கப்புறம் நான் சொன்னது எல்லாமே என் கைச்சரக்கு. புத்தகத்துல பினாங்கும் இல்ல, கடையும் இல்ல. மன்னிச்சிருங்க," என்றார்.

பொன்னம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"காசிஹான்," என்றார் மெதுவாக. ஐயோ பாவம் என்று சொல்வது. பிறகு கேட்டார்: "அவளை யாரு குளிப்பாட்டினது?"

"அது எழுதல, மாக்."

"பிள்ளை குட்டி?"

"இல்ல."

பொன்னம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கருணாகரன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நியாயத்தை நிலைநாட்டிவிட்டு அன்றிரவு நான் சோறு தின்னவில்லை. அவர் அறைக்குப் போய், சிகாமட்டுக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போகி. செட்டிகள் அன்றைக்குப் பார்ச்சு கொண்டாடுவார்கள். வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலைகளில் படைத்து, சாம்பிராணி போட்டு அழைப்பார்கள். பிறகு அவர்கள் நிதானமாகச் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து காத்திருப்பார்கள். காலையில் பொன்னம்மா பின்னறைக் கதவைத் தட்டினார். கருணாகரனிடம் மன்னிப்புக் கேட்பதற்காக முன்னதாகவே போயிருந்த நானும் பின்னால் நின்றேன்.

"கிராணி, அலமேலுவுக்கு என்ன பிடிக்கும்? சீக்கிரம் சொல்லு, உலை வைக்கணும்."

இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மாக், அவ புத்தகத்துல உள்ளவ. அப்படி ஒரு ஆளே இல்ல."

"தெரியும். இலை போட ஆள் இல்லாமதானே செத்தா. என் வீட்டுல இலைக்கா பஞ்சம்?"

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு அதுல எழுதல."

"அப்ப நீ சொன்னதுலேர்ந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போனார்.

புளி மீன் குழம்பு வைத்தார். எனக்கு அரைத்துக் கொடுக்கிற வேலை. படைக்கும்போது, "உறவுக்காரன்தான் கூப்பிடணும்," என்று கருணாகரனை முன்னால் தள்ளினார். இவர் கைகூப்பி, தமிழில், "அலமேலு, வா, சாப்பிடு," என்றார். புளுகன் என்று திட்டிய வாய் என்னுடையதுதான் என்பது நினைவு வந்து, பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து காத்திருந்தோம். இவர் சும்மா இருக்கவில்லை. நல்லவேளை, இருக்கவில்லை.

"மாக், ஓரத்துல ஒரு இலையில வெறும் அப்பமும் கறுப்புக் காப்பியும் இருக்கே. சோறு வைக்கலயா? அது யாருக்கு?"

ஒன்றரை வருஷம் அந்த அடுப்படியில் உட்கார்ந்து ஓயாமல் பேசியவர் பொன்னம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"என் வீட்டுக்காரருக்கு," என்றார் பொன்னம்மா. "காலையில அப்பமும் காப்பியும் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போனாரு. வழியிலயே ஜப்பான்காரன் பிடிச்சு சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிட்டான். அதுதான் கடைசியாச் சாப்பிட்டது. சண்டை முடிஞ்சும் நாலு வருஷம் நான் இலை போடல. போட்டா செத்தாருன்னு ஆயிருமே."

"அவரு பேரு என்ன, மாக்?"

"தம்பிராஜா."

பிறகு பொன்னம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன் புத்தகம் பெருநாளுக்கு முன்னாலயே தீர்ந்து போச்சு. எனக்குப் படிக்கத்தான் தெரியாது. நீ பக்கம் திருப்பறத நிறுத்தினது கூடவா தெரியாது?"

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா கதை முடிஞ்சிரும். நீ அப்புறம் வரமாட்டியோன்னு பயம்."

உள்ளே இலை எடுக்க நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எடுத்தோம், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அலமேலுவின் பங்கு மீன் எனக்கு வந்தது. அதன் பிறகு தம்பிராஜா எப்படி மிதிவண்டி ஓட்டுவார், எந்தப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுவார், பெண் பார்க்க வந்த அன்று எப்படித் தடுக்கி விழுந்தார் என்று பொன்னம்மா சொல்ல ஆரம்பித்தார். சிகாமட் கடிதத்தைக் கருணாகரன் அனுப்பவே இல்லை. நானும் அவரும் மறு வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம், அது வேறு கதை. அன்று வெளியே இருட்டும் வரை கருணாகரன் ஒரு வார்த்தை கதை சொல்லவில்லை. அவரை யாரும் அறைக்குப் போகச் சொல்லவும் இல்லை.