டார்ச் லைட்டுக்கு ஏது எர்த்?

ஷாக் அடிக்காத கரண்டைப் பற்றி, ஷாக் வாங்கிப் பழகியவர்களுக்குப் பாடம் எடுப்பதுதான் என் பிழைப்பு. எலப்புள்ளியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர். கஞ்சிக்கோட்டுப் பக்கம் சில கம்பெனிகளில் இப்போது ஒயர்மேன் வேலை கேட்டுப் போனால், போர்டைத் தொடவிடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைக்கிறார்கள். திரையில் பேட்டரி, பல்பு, ஸ்விட்ச் எல்லாம் வரைந்து, ஒயரால் இணைத்து, ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு செல்போன் கற்றுக்கொடுத்துத் தொண்டை வறண்டவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான்.

போன வருஷம் வந்தவர் கனகவேல் அண்ணன். பம்புசெட் வேலையில் இருபது வருஷம் ஊறியவர். கரண்ட் போஸ்டிலிருந்து விழுந்து முழங்கால் போய்விட்டது, இனி ஏற முடியாது. ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி மெயின்டெனன்ஸ் வேலை காலி. நாற்பத்தைந்து வயது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அண்ணனுக்கு அதற்கு நாலே மாசம். அந்தக் கம்ப்யூட்டர் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தார். இது கடைசி.

எர்த் தகராறு

முதல் நாள் டார்ச் லைட் சர்க்யூட். ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு. அழகாக வரைந்தார். ஓடவிட்டால், கிரவுண்டு இல்லை என்று சிவப்பில் காட்டிவிட்டது. கிரவுண்டு என்றால் எர்த் என்று நான் சொன்னதுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, டார்ச் லைட்டுக்கு ஏதுங்க எர்த்? கையில புடிச்சுட்டுப் போறதுக்கு மண்ணுல கம்பி பொதைக்கோணுமா?"

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. "அது மண்ணுல போடற எர்த் இல்லீங்கண்ணா. வோல்ட்டை எங்கிருந்து அளக்கறதுன்னு கேக்குது. ஒரு எடத்துக்குப் பூஜ்யம்னு பேர் வெச்சாப் போதும்" என்றேன். மறுபடி உட்கார்ந்தார். "கெணத்துத் தண்ணிய மேட்டுல இருந்து அளந்தா ஒரு கணக்கு, அடியில இருந்து அளந்தா ஒரு கணக்கு. எங்கிருந்துன்னு சொல்லுன்னு கேக்குது, அதுதானுங்களே?" அட, அதேதான்! ஏழு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த உதாரணம். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவர் சொன்னார்: "இத மொதல்லயே சொல்லியிருந்தா நா எதுக்குங்க டீச்சர் கத்தப் போறேன்?"

அணைத்துவிட்டுத்தான் தொடுவார்

ஒவ்வொரு ஒயரை இணைப்பதற்கு முன்னும் திரையில் இருக்கிற ஸ்விட்சை அணைப்பார். இணைப்பார். மறுபடி போடுவார். பரீட்சையோ நாற்பது நிமிஷம், இந்த லட்சணத்தில் போனால் விளங்கினாற்போலத்தான். "மவுஸ்ல ஷாக் அடிக்காதுங்கண்ணா" என்றால், "தெரியுமுங்க" என்பார். அடுத்த ஒயருக்கும் அணைப்பார்.

பொறுக்கமாட்டாமல் நானே மவுஸைப் பிடுங்கி, ஸ்விட்ச் போட்டிருக்கும்போதே ஒரு ஒயரை இழுத்து மாட்டிக் காட்டினேன். மனுஷன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். நான் சிரித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குத் தெரியுதுங்க டீச்சர், கைக்குத் தெரிய மாட்டேங்குது."

முடியளவு இடைவெளி

மாடிப்படி ஒயரிங் தெரியுமில்லையா, கீழே போட்டு மேலே அணைப்பது? அதை வரைந்தார். பல்பு எரியவில்லை. ஒவ்வொரு கோடாக அரை மணி நேரம் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் என் கையிலிருந்து மவுஸை வாங்கி, மீட்டரைக் கொண்டுபோய் சர்க்யூட்டின் நட்டநடுவில் வைத்தார். அங்கே வோல்ட் காட்டியது. மிச்சமிருந்த பாதிக்கு நடுவில் வைத்தார். அங்கேயும் காட்டியது. இப்படி நாலே இடம்தான். பல்பைத் தொட்டாற்போல நின்ற ஒரு ஒயர் உண்மையில் தொடவே இல்லை, பெரிதாக்கிப் பார்த்தால் முடியளவு இடைவெளி.

இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "ரெண்டு பர்லாங்குத் தோட்டத்துல ஒயர் எங்க அத்துப்போச்சுன்னு மொதல்ல இருந்து நடந்து பாத்துட்டிருந்தா, இந்த முழங்கால் என்னத்துக்குங்க ஆகும்?"

நாற்பத்தாறு ஆம்பியர்

பரீட்சை முடிந்து நேராக சென்டருக்கு வந்தார். முகம் செத்திருந்தது. கேள்வி இதுதான்: 230 வோல்ட், ஐந்து ஓம் ஹீட்டர், ஒன்றரை ஸ்கொயர் தடிமனில் ஒயர். ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் என்று எழுத வேண்டும். திரை நாற்பத்தாறு என்று காட்டியது. எல்லோரும் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் நிஜத்தில் அந்த ஒயர் உருகிப் போய்விடும். சாஃப்ட்வேரில் வரைகிற ஒயருக்குத் தடிமனே கிடையாது, எத்தனை ஆம்பியர் விட்டாலும் சும்மா இருக்கும். 'இது எரிஞ்சுரும், பத்து ஸ்கொயராவது போடோணும்' என்று விடைத்தாளில் கணக்கோடு எழுதியிருக்கிறார். அதில் கடைசிக் கேள்விக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

"கேட்டதை மட்டும் எழுதித் தொலைச்சா என்னங்கண்ணா?" என்று கத்திவிட்டேன். கடைசிச் சான்ஸாயிற்றே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் கம்பெனி அதிகாரி சென்டருக்குப் போன் செய்தார். கேள்வித்தாளில் ஒயர் சைஸ் தப்பாக அச்சாகிவிட்டதாம். எழுதிய இருபது பேரில் அதைக் கண்டுபிடித்தது இவர் ஒருத்தர்தானாம். மார்க் குறைந்தால் குறையட்டும், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கிவிட்டது. இப்போது ஒரு நன்றி வரும் என்று நான் நிற்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "போன ஒடனே மொதல்ல அந்த ஹீட்டர் ஒயரத்தான் மாத்தோணுமுங்க டீச்சர், அதுவரைக்கும் ஆரும் ஸ்விட்சப் போட்டுறாம இருக்கோணுமே."

'இது வெறும் படமுங்கண்ணா' என்று இரண்டு மாசம் தொண்டை கிழியக் கத்தியதில், உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு ஹீட்டருக்காகக் கவலைப்படுகிற ஆளை அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவைத்ததுதான் நான் கண்ட பலன்.