ஒன்பதாவது கேள்வி

குடிக்கிறவர்களைத் திட்டக்கூடாது, பயமுறுத்தக்கூடாது, அவர்களாகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தந்ததை அந்த மருத்துவமனையின் குடிநோய்ப் பிரிவில் அட்சரம் பிசகாமல் பின்பற்றியவள் ஒரே ஒரு நர்ஸ்தான். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடுவாள். மின்விசிறிச் சத்தம் தாங்காமல் எதிரில் இருப்பவர் உண்மையைக் கக்கிவிடுவார். வார்டு ஆயாக்கள் அவளுக்கு வைத்த பெயர் 'பல்டாக்டர்': மரத்துப்போக ஊசி போடாமலே பிடுங்குகிறவள். பெரிய டாக்டரோ போகிற கூட்டத்திலெல்லாம் அவள் பொறுமையைப் புகழ்வார். பொறுமைக்கும் வன்மத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் முகம் ஒன்றுதான்.

அந்த வன்மத்துக்கு வயது ஆறு. தையல்வேலை செய்துவந்த அவள் அக்கா ஒருநாள் வலது மணிக்கட்டு உடைந்து வந்தாள். "குளியலறையில வழுக்கிட்டேன்" என்றாள். வழுக்கி விழுந்தவள் கழுத்தில் ஐந்து விரல் எப்படிப் பதியும் என்று மாவுக்கட்டுப் போட உதவிய தங்கை கேட்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. கத்தரிக்கோல் பிடிக்க வராமல் அக்கா தொழிலை விட்டாள். அன்று நினைவே இல்லாத போதையில் கிடந்த அக்கா புருஷன், காலையில் எழுந்து அந்த வழுக்கல் கதையை முதல் ஆளாக நம்பினார்.

அதே மாமா இப்போது ஈரல் வீங்கி, கை நடுங்க, டாக்டர் சீட்டோடு அவள் எதிரே வந்து நின்றார். உறவுக்காரர் என்றால் வேறு நர்ஸிடம் அனுப்ப வேண்டும். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"உக்காருங்க சார்."

"சாரா? நான் உன் மாமாடி!"

"அது வீட்டுல. இங்க நீங்க பேஷண்ட்."

படிவத்தில் கேள்விகள் பத்து. எட்டுக்குத் தாராளமாகப் பதில் வந்தது. ஒன்பதாவது: "நீங்க குடிச்சதால யாருக்காவது காயம் பட்டிருக்கா?"

"எறும்பக்கூட மிதிக்காதவன் நான். உங்கக்காவையே கேளு."

பேனா மூடப்பட்டது. விசிறி சுற்றியது.

"என்ன பாக்குற? இல்லைன்னு போடு."

போட்டாள். அப்படியே விட்டிருந்தால் மிச்சத்தை ஈரல் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் சாவது சலுகை என்று அவளுக்குப் பட்டது. செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது, குடித்தவனுக்கும் தெரியாது. தெளிந்த ஆள் வேண்டும் அவளுக்கு.

ஆகவே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினாள். நடுக்கத்துக்கு மாத்திரை எழுதி வாங்கினாள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்பதால் படிப்படியாகக் குறைத்தாள். கடை திறக்கும் நேரம் பார்த்துப் போன் செய்து, "முதல்ல வயிறு நிறையச் சாப்பிடுங்க, அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். செவ்வாய்தோறும் வரவைத்தாள், செவ்வாய்தோறும் ஒன்பதாவது கேள்வியைக் கேட்டாள். செவ்வாய்தோறும் "இல்லை".

"மனுஷனப் புதுசா பெத்துக் குடுத்துட்ட, நீ தெய்வம்டி" என்று அக்கா கண்கலங்கினாள். தெய்வம் பல்லைக் கடித்துக்கொண்டது.

மூன்றாம் மாதம், சொட்டுக்கூடத் தொடாத ஒன்பதாவது வாரம், கேள்விக்கு முன்பே மாமா பேசினார்.

"நேத்து கொடியில இருந்து துண்டு எடுக்கக் கையத் தூக்கினேன். உங்கக்கா தலைய மூடிக்கிட்டு அப்படியே குந்திட்டா. அவ வழுக்கி விழல, இல்ல?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"ஆமான்னு போடு."

போட்டாள்.

"இதத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்காம எப்படிம்மா இருக்கிறது?"

"இருக்கணும். அதுக்குத்தான் மூணு மாசமா பாடுபட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அக்கா கை நேராகிற வரைக்கும்."

அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் அவசரப்படாமல் பார்த்து முடித்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்குத் தேதி குறித்தாள். ஆள் வரமாட்டார், கடைவாசலில்தான் கிடப்பார், தேடிப்பிடித்து மறுபடி தெளியவைக்கலாம் என்று தெம்பாகவே இருந்தாள்.

செவ்வாயன்று மாமா பத்து நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், நடுங்காத கை.

"ஒன்பதாவதுல இன்னொன்னும் இருக்கு, சிஸ்டர். எழுதிக்கோங்க" என்றார்.

தண்டனையை இப்படி வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார் என்று அவள் நினைத்ததே இல்லை. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.