ஆளில்லாத வயல்

ஜின், பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து தேநீர் போடப் போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

காரைக்காலில் வாப்பா புது வீடு கட்டியிருந்தார். கூடத்தில் மாட்ட என் கையால் ஒரு படம் வேண்டும் என்றார். "உசுருள்ளது எதுவும் இருக்கக்கூடாதும்மா. மனுஷன், மாடு, கொக்கு, ஒண்ணும் வாணாம். இருந்தா அங்க நான் எப்படி நின்னு தொழுவேன்?" சரி என்று வாக்குக் கொடுத்தேன். நான் படம் வரைவதை வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தபோது என் பக்கம் நின்ற ஒரே மனிதர் அவர், அந்த வாக்கை விடுவேனா?

சைகோனில் நாங்கள் குடியிருக்கும் பூ மி ஹங் பகுதியில் அடுக்குமாடிகள் வருவதற்கு முன் எல்லாம் சேறும் வாய்க்காலும்தானாம். அதையே இந்த ஊர் வழக்கப்படி அரக்குப் படமாக வரைந்தேன். சேற்றில் வளரும் நீர்த்தென்னை, வாய்க்கால், உழுதுபோட்ட வெறும் வயல். வரைந்ததன் மேல் கறுப்பு அரக்கு பூசி மூடி, காயவிட்டு, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அடியில் இருப்பது மேலே வரும்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம், பட்டறையில் நானும் கூட வேலை செய்கிற வியட்நாம்காரி லானும்தான். தேய்த்துக்கொண்டே வருகிறேன், தூரத்து வரப்போரம் கூம்புத் தொப்பியோடு ஒருத்தி முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறாள். சத்தியமாக நான் வரையவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "அசதியில நீயே வரஞ்சிட்டு மறந்திருப்பே புள்ள" என்று சிரித்தார். வந்த கோபத்தில் மறுபடி அரக்கு பூசி மூடினேன்.

காய்ந்ததும் தேய்த்தால் அவள் நடு வயலில் நிற்கிறாள். நடவு நடுகிறவர்கள் பின்வாக்கில்தானே வருவார்கள், அப்படியே வந்திருக்கிறாள், அவளுக்கு முன்னால் வரிசை வரிசையாக நாற்று. அந்த வயலில் நான் பச்சையே வைக்கவில்லை.

லான் ஊதுபத்தி ஏற்றினாள். நட்டு முடித்துவிட்டுப் போகட்டும், விட்டுவிடு என்றாள். முடியாது என்றேன். பயம் இல்லாமலில்லை. ஆனாலும் மூன்றாம் முறை மூடினேன், விரல் நுனி உரியத் தேய்த்தேன். அவள் இல்லை. இந்தப் பக்கத்து வரப்பு வரைக்கும் நடவு முடிந்திருந்தது.

உயிருள்ளது எதுவும் இல்லையே, அனுப்பிவிட்டேன். வாப்பா கூடத்தில் மாட்டினார். சில மாதம் கழித்து, வயல் மஞ்சளாகி வருகிறது என்றார். அரக்கு நாள்பட்டால் நிறம் தெளியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போன வாரம் மறுபடி போன்.

"தூரத்து வரப்போரம் கொஞ்சம் அறுத்த மாதிரி வரஞ்சிருக்கியே, இன்னைக்குத்தாம்மா பார்த்தேன்."

"ஆள் யாரும் தெரியுதா வாப்பா?"

"யாரும் இல்லம்மா. நீ வாக்குத் தவறுவியா?"

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், பையில் உப்புத்தாளும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் வாப்பாவின் தொழுகையை யாரும் கெடுக்க விடமாட்டேன். ஒன்றுதான் உறுத்துகிறது. நடும்போது அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன். அறுக்கிறவள் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வருவாள்.